ஓடச் சொல்லாத மோட்டார்

போன் அவர் மடியில் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் கிணற்றுப் படியில் பாதியில் நின்று, மேலே போவதா கீழே போவதா என்று தெரியாமல் "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மேலே போனால் பெட்டி. மோட்டாரை நிறுத்தும் பிரேக்கர் அதற்குள்தான் இருந்தது. ஆனால் பெட்டி பூட்டியிருந்தது. சாவி அப்பாவிடம், அப்பா அருப்புக்கோட்டையில். கீழே போனால் உக்கிரபாண்டி மாமா. மோட்டார் மேடையில் மல்லாக்க விழுந்து கிடந்தார். வலது கையை இடது கையால் பிடித்து நெஞ்சோடு அழுத்தியிருந்தார். அவருடைய துண்டு மோட்டாரின் தண்டில் சுற்றிக்கொண்டு சட்டுச் சட்டென்று சுவரில் அடித்தது. வேட்டி நுனி தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. காற்று அடித்தால் அதுவும் போயிருக்கும். வேட்டி போனால் அவரும் போயிருப்பார்.

"போனு," என்றார். "மடியில. எடு தாயி."

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. மடியிலிருந்து என் போனை உருவி என் கட்டை விரலை வைத்தேன். திறக்கவில்லை. விரலெல்லாம் ரத்தம். சுடிதாரில் துடைத்து மறுபடி வைத்தேன். திறக்கவில்லை. மூன்றாவது தடவை திறந்தது. சிவப்புப் பட்டனை அமுக்கினேன். ஒரு நொடி சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மோட்டார் இறங்கி இறங்கி நின்றது.

நின்ற பிறகுதான் அவர் முனகுவது காதில் விழுந்தது.

இது நடந்து இன்றோடு ஒன்பது நாள். இப்போது ராத்திரி மணி ஒன்றே கால். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பதினாறு நாள் இருக்கிறது. இயற்பியல் நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். படிக்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். படிக்க முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. எழுதிவிட்டுக் கிழித்துப் போடலாம்.

நடந்தது ஊருக்கெல்லாம் தெரியும். ஏன் நடந்தது என்பது மட்டும் எனக்குத்தான் தெரியும்.

எங்கள் கிணற்றில் ஊற்று குறைவு. நாற்பது நிமிடம் மோட்டார் ஓடினால் தண்ணீர் அடிக்குப் போய்விடும். மூன்று மணி நேரம் விட்டால்தான் மறுபடி ஊறும். மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்டு பகலில் கொஞ்சம் வரும், ராத்திரி கொஞ்சம் வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் அப்பா ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து கிணற்றுக்குப் போவார். போட்டுவிட்டு, நாற்பது நிமிடம் அங்கேயே வரப்பில் உட்கார்ந்திருந்து, அணைத்துவிட்டு வருவார். மிளகாய் போட்ட நாளிலிருந்து அப்பா சேர்ந்தாற்போல நான்கு மணி நேரம் தூங்கியதில்லை. சாப்பிடும்போதே கண் சொருகும். மாதா கோயிலில் பிரசங்கம் ஆரம்பித்தால் தலை தொங்கிவிடும்.

அதற்காகத்தான் தைப் பொங்கலுக்கு முன்பு அந்தப் புதுப் பெட்டியை வாங்கி மாட்டினார். போனில் இருந்தே மோட்டாரைப் போடலாம், அணைக்கலாம். பழைய பலகை, சுவிட்சு எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். எல்லாம் ஒரே பெட்டிக்குள் போய்விட்டது. திருட்டு பயத்தில் அப்பா அதற்குப் பூட்டும் போட்டார். கிணற்றுக்கு நடப்பது மிச்சமானது. ஆனால் எழுந்து பார்த்துப் பட்டனை அமுக்க வேண்டும், நாற்பது நிமிடம் முழித்திருந்து மறுபடி அமுக்க வேண்டும். தூக்கம் என்னவோ போனதுதான்.

பெரியப்பா மகன் ஜோயல் அண்ணன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அப்பாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதுக்கு நான் ஒண்ணு எழுதித் தாரேன். வீட்டுல அந்தப் பழைய லேப்டாப்பு சும்மாதான கெடக்கு? அதுல போட்டு வச்சிட்டா, கரண்டு வந்ததும் அதுவே மோட்டார் போடும், நாப்பது நிமிசத்துல அதுவே நிப்பாட்டும். நீங்க காலை நீட்டிப் படுங்க" என்றார். அக்கா ரோஷினிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் அது. அவள் கல்யாணமாகிப் போனபோது என்னிடம் வந்தது.

இது நடந்ததற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை ராத்திரி ஜோயல் அண்ணன் ஃபைலை அனுப்பினார். கூடவே எப்படிப் போடுவது என்று எட்டுப் பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். நம் பெட்டியின் நம்பரைத் தானே உள்ளே போட்டுவிட்டதாகவும் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் அப்பா உரம் வாங்கக் கிளம்பும்போது, "அஷ்லின், ஜோயல் அனுப்புனத இன்னைக்குப் போட்டு வச்சிரு. ராத்திரி ஒரு தடவையாவது படுத்து எந்திரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். "உக்கிரபாண்டி அண்ணே வருவாக. கிளாண்டுல தண்ணி ஒழுகுது. கூடப் போயி நின்னுக்கோ. மோட்டாரு ஆஃபுல இருக்கான்னு போன்ல பாத்துச் சொல்லு."

உக்கிரபாண்டி மாமா எம்.ரெட்டியபட்டிப் பக்கத்தில் கிணற்று மோட்டார் வேலை பார்க்கிறவர். திருச்சுழி வரைக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். முப்பது வருடத்தில் அவருக்கு ஒரு தடவைகூட ஷாக் அடித்ததில்லை என்று பேர். அதற்குக் காரணமும் எல்லாருக்கும் தெரியும். மோட்டாரில் கை வைப்பதற்கு முன்னால் பலகையிலிருந்து மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வார். அந்தப் பீங்கான் கட்டைகள் இல்லாமல் கரண்டு மோட்டாருக்குப் போகாது. கிணற்றுக்காரர் வந்து கெஞ்சினாலும், வேலை முடிந்து மேலே ஏறி வந்து கையைக் கழுவிய பிறகுதான் மடியை அவிழ்ப்பார். ஒரு தடவை அதை மடியில் வைத்துக்கொண்டே மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். தோட்டத்துக்காரர் பின்னாலேயே சைக்கிளில் போய் வாங்கி வந்தாராம்.

அன்றைக்கு வந்ததும் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏந்தாயி, இதுல பீஸ் கட்டை எங்கிட்டு இருக்கு?"

"அது இதுல இல்ல மாமா. உள்ளுக்க பிரேக்கர்தான். பூட்டிருக்கு. சாவி அப்பாட்ட."

"உங்கப்பன் தங்கத்தையா உள்ள வச்சிருக்கான்? பின்ன எப்படி நிப்பாட்டுறது?"

"போன்ல மாமா. இந்தா பாருங்க, ஆஃபுல இருக்கு."

போனை வாங்கி, கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதை அமுக்கினாத்தான் ஓடும்?"

"ஆமா மாமா."

"வேற எதுலயும் ஓடாது?"

"அப்பா போன்ல இருக்கு. அவரு அமுக்க மாட்டாரு, நீங்க வந்திருக்கது தெரியும்."

"அப்ப இதான் பீஸ் கட்டை," என்று சொல்லிச் சிரித்தார். "பூட்டிக் குடு."

நான் திரையை அணைத்துப் பூட்டிக் கொடுத்தேன். அதை வேட்டி மடியில் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகிக்கொண்டு படியில் இறங்கினார். எங்கள் கிணற்றில் மோட்டார் பாதி ஆழத்தில் ஒரு மேடையில் இருக்கிறது. மேலே பெட்டி இருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்தால் கீழே இருப்பவர் தெரிய மாட்டார். குறடு கீழே வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

நான் பையில் லேப்டாப்பைக் கொண்டுபோயிருந்தேன். அவருக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் அப்பா சொன்ன வேலையை முடிக்கலாம் என்று நினைத்தேன். லேப்டாப்புக்கு நெட் என் போனிலிருந்துதான். காலையிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு வைத்திருந்தேன். போன் அவர் மடியில் இருந்தாலும் சிக்னல் மேலே வந்தது.

இன்ஸ்டால் செய்தால் என்ன ஆகிவிடும்? போனில் ஒரு ஆப்பைப் போட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். நாம் தொட்டால்தான் திறக்கும். ஸ்கூல் லேபிலும் அப்படித்தான். போடுவது வேறு, ஓட்டுவது வேறு. பதினேழு வயது வரைக்கும் எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. போட்டு வைப்போம், எட்டுப் பக்கத்தையும் படித்து எந்த நேரத்துக்கு ஓட வேண்டும் என்பதை மாற்றி வைப்போம், சாயங்காலம் அப்பா வந்ததும் அவரையே ஸ்டார்ட் பட்டனை அமுக்கச் சொல்வோம். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். இவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

ஜோயல் அண்ணன் எழுதியிருந்தபடி ஒரு வரியை அடித்தேன். திரையில் வரிசை வரிசையாக ஏதேதோ ஓடியது. நான் அதைப் பார்க்கவில்லை. மூன்றாவது பக்கம் படித்துக்கொண்டிருந்தேன்.

கீழே மோட்டார் உறுமியது. அதன் பிறகு அவர் சத்தம்.

தண்ணீர் ஒழுகாமல் இருக்க மோட்டார் தண்டைச் சுற்றி ஒரு கயிறு திணித்திருப்பார்கள். அதைத்தான் கிளாண்டு கயிறு என்பார்கள். பழையதைக் குத்தி எடுத்துவிட்டுப் புதுக் கயிற்றைத் தண்டைச் சுற்றி விரலால் திணித்துக்கொண்டிருந்தாராம். தண்டு சுற்றியதும் கயிறும் துண்டும் கையும் சேர்ந்து போயின. கையை உதறிப் பின்னால் விழுந்ததால் இரண்டு விரலோடு போயிற்று. நடுவிரலும் மோதிர விரலும்.

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். பக்கத்துத் தோட்டத்து ஆனந்தகுமார் அண்ணன் லோடு ஆட்டோவைக் காட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்தார். அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நான் அறைக்குத் திரும்பி வந்தபோது லேப்டாப் திறந்தே கிடந்தது. கடைசி வரியில் எங்கள் மோட்டாரின் பேர், பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்டட்' என்று இருந்தது. மணி 11.42. நான் அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். பிறகு மூடியைச் சாத்திப் பையில் வைத்தேன்.

பையின் ஜிப்பையும் நிதானமாக இழுத்து மூடினேன். அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

மதுரையில் மயக்கம் தெளிந்ததும் மாமாவே எல்லாருக்கும் காரணம் சொல்லிவிட்டார். "மடியில போன வச்சிருந்தேன். குனிஞ்சேன். வயித்துல அமுங்கிருச்சு." அவ்வளவுதான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லை. போன் மடியில் இருந்தது, அவர் குனிந்தார், மோட்டார் ஓடியது. சின்னப் பிள்ளைக்குக் கூடப் புரியும்.

அப்பா மதுரையிலிருந்து வந்து ஒரே மூச்சில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "அவுக மேலயும் தப்பு இல்ல, நம்ம மேலயும் இல்ல. என்னத்தச் சொல்ல" என்றார். பிறகு அன்றைக்கு ராத்திரியும் த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் வழக்கம்போல எழுந்து உட்கார்ந்தார். ஒழுகினால் ஒழுகட்டும் என்று ஆனந்தகுமார் அண்ணன் பழைய கயிற்றையே திணித்துக் கொடுத்திருந்தார். செடி காயக் கூடாதே.

நான் ஜோயல் அண்ணனுக்கு மூன்றாம் நாள் போன் செய்தேன். சும்மா சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"அண்ணே, நீங்க அனுப்புனது, இன்ஸ்டால் பண்ணுன உடனே தானா ஓடுமா?"

"ஆமா. ஏன், போடலையா இன்னும்?"

"நாம ஓடுன்னு சொல்லணும்ல?"

"இது ஆப்பு மாதிரி இல்ல பிள்ள. சர்வீஸு. திரையில வராது, பின்னால கெடந்து ஓடும். ஓடணும்னுதான போடுறோம்? முதல்ல நான் ஓடாத மாதிரிதான் வச்சிருந்தேன். பாலவனத்தத்துல என் ஃபிரண்டோட மாமா போட்டாரு. ரெண்டு நாளாச்சு மோட்டாரே ஓடல, செடி வாடுது, நீ என்னலே படிச்சிருக்கன்னு என்னைய வைதாரு. ஸ்டார்ட் குடுக்கணும்னே அவருக்குத் தெரியல. பத்துல எட்டுப் பேரு அப்படித்தான். அதுக்கப்புறம்தான் மாத்துனேன். போட்டா ஓடும். கரண்டு போயி லேப்டாப்பு அணைஞ்சு எந்திரிச்சாலும் அதுவா ஓடும்."

"மிச்சம் ரெண்டு பேரு?"

"எந்த ரெண்டு பேரு?"

"பத்துல எட்டுப் போக."

சிரித்தார். "அவுகளுக்கு விவரம் தெரியும். போடுறதுக்கு முன்னாடியே தடுத்து வைக்க வழி இருக்கு. அஞ்சாம் பக்கத்துல தெளிவா எழுதியிருக்கேனே."

நான் மூன்றாம் பக்கத்தில் இருந்தேன்.

"புதுசா ஒரு ஆட்டோ வாங்கிட்டு வந்து வாசல்ல நிப்பாட்டுனா அதுவா ரோட்டுல போகுமாண்ணே? சாவி போட்டாத்தான போகும்?"

"ஃபிரிட்ஜ் வாங்கி மாட்டுனா? அதுவா குளுரலையா? இதுக்குத் தனியா ஒரு சுவிட்சு வேணும்னு கேப்பியா? இன்னைக்கு என்ன, வக்கீல் மாதிரி பேசுற?"

"ஃபிரிட்ஜுக்குள்ள யாரும் கையை விட்டிருக்க மாட்டாகல்ல."

அவர் ஆபீசில் யாரோ சிரிப்பது மட்டும் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம்.

"அஷ்லின். நீ எத்தனை மணிக்குப் போட்ட?"

"பதினொன்னு நாப்பத்திரண்டு."

"மாமாவுக்கு எத்தனை மணிக்கு?"

நான் லேப்டாப் பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

கடைசியில், "லேப்டாப்பைத் திறக்காத. திறந்தா மறுபடி ஓடும். சித்தப்பாட்டச் சாவி வாங்கி, பிரேக்கர இறக்கிட்டு, அதுக்கப்புறம் திற. திறந்து நான் சொல்றத அடிச்சு அதைத் தூக்கிரு. பதிவும் சேந்து போயிரும்" என்றார். அவர் குரலே மாறியிருந்தது. பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"அழிச்சிட்டியா?"

"இல்ல."

"சரி," என்றார். அழி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நான் அன்னைக்கே அதை ஒரு கேள்வி கேக்கச் சொல்லியிருக்கணும். ஓடவான்னு. ஒத்த வரிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மீட்டிங் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். நான் இன்னும் திறக்கவில்லை. லேப்டாப் கட்டிலுக்கு அடியில் பையோடு கிடக்கிறது. அதன் சார்ஜ் இறங்கிவிட்டிருக்கும் என்று தெரியும். இருந்தாலும் ராத்திரியில் அது உள்ளே ஓடுகிற மாதிரி எனக்குக் கேட்கிறது.

ஆறாம் நாள் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பாவோடு பார்க்கப் போனேன். போகாமல் இருக்க வயிற்று வலி என்றேன். அப்பா, "உன்னையத்தான் கேட்டாக" என்றார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கை பூராவும் கட்டு. அவர் மனைவி சுந்தராம்பாள் அத்தை எங்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டே அப்பாவிடம், "ஊருல இவுகளுக்குப் பட்டம் குடுத்துட்டாக, தெரியுமா ஜான்ராஜு? வயித்தால மோட்டார் போட்டவருன்னு" என்றாள். குரலில் கோபம் இருந்தது.

"அதுல என்ன பொய்யி," என்றார் மாமா.

"டீக்கடையில ஒருத்தன் சொல்றானாம். இனிமே எங்க தோட்டத்துக்கு வந்தா முதல்ல வயித்த எக்கிக்கிட்டு இறங்கச் சொல்லணும்னு. நல்ல வேளை நான் அங்கிட்டு நிக்கல."

"நீ நின்னிருந்தா அவனுக்கும் ரெண்டு வெரலு போயிருக்கும்," என்றார் மாமா. அப்பா சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

பிறகு அவர் சிரிப்பை விட்டுவிட்டு, வேலையைத் தன் அக்கா மகன் மணிகண்டனிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கை ஆறினால் பார்க்கலாமே அண்ணே என்று அப்பா சொன்னதற்கு, "கைக்காகச் சொல்லல. மூணு வெரலை வச்சும் குறடு பிடிப்பேன். மடியில இருந்தத நானே அமுக்கியிருக்கேனே ஜான்ராஜு. இனிமே எந்த மோட்டார்ல போயி நான் நம்பிக் கை வைக்கிறது? எம்மேலயே நம்பிக்கை போச்சு" என்றார். அதை அலுப்பாகத்தான் சொன்னார். ரொம்ப நாள் யோசித்து முடித்துவிட்ட மாதிரி.

அப்பா யாரிடமோ போன் பேச வாசலுக்குப் போனார். அத்தை அடுப்படியில் இருந்தாள். மாமா என் பக்கம் திரும்பினார்.

"தாயி, ஒண்ணு கேக்கணும். நீ பூட்டித்தான குடுத்த?"

"ஆமா மாமா."

"பூட்டுன போனு எப்படி அமுங்கும்? உன் விரலை வச்சாத்தான தொறக்கும்? ஆஸ்பத்திரியில கெடந்து இதைத்தான் ரோசிச்சேன். தூக்கமே வரல. நீ படிச்ச பிள்ள. அமுங்குமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாசலில் அப்பா, அடுப்படியில் அத்தை, அவர் முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டது எவ்வளவு சரியான கேள்வி. ஒரே வார்த்தை, 'அமுங்காது மாமா' என்றால் போதும், மீதியை அவரே கண்டுபிடித்திருப்பார்.

"சில நேரம் அமுங்கும் மாமா," என்றேன். "சூட்டுக்கு, வேர்வைக்கு, தானா தொறந்துக்கிரும்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "அப்படியா," என்றார். "அப்பச் சரி." காப்பி ஆறிப்போகிறது, குடி என்றார்.

வரும் வழியில் பஸ்ஸில் அப்பா என் தோளிலேயே தூங்கிவிட்டார். நான் ஜன்னல் வழியாகக் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு வகையில் மாமா சொன்னதும் உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். லேப்டாப் அனுப்பிய கட்டளை என் போன் வழியாகத்தான் போனது. போன் அவர் மடியில் இருந்தது. அப்படியென்றால் மடியிலிருந்துதானே மோட்டார் ஓடியது? அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட அந்தச் சமாதானம் தாங்கவில்லை.

அப்பாவும் விடவில்லை. நேற்று ராத்திரி கிளாண்டு ஒழுகுவதைப் பார்க்கக் கிணற்றுக்குப் போய்விட்டு வந்து, காலில் மண்ணோடு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "ஏத்தா, ஜோயல் குடுத்தத நீ போட்டியா இல்லையா? இன்னும் எத்தனை நாளைக்கு நான் முழிக்கிறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார்.

"பரீட்சை முடியட்டும்ப்பா."

"சரி," என்று சொல்லி அங்கேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் வாய் திறக்காத வரைக்கும் இவரும் தூங்கப் போவதில்லை.

இன்று சாயங்காலம் சுந்தராம்பாள் அத்தை அப்பாவுக்குப் போன் செய்தாள். நாளைக்குக் காலையில் மணிகண்டன் எங்கள் மோட்டாரின் கிளாண்டு வேலையை முடிக்க வருகிறானாம். மாமாவும் கூட வருகிறாராம். கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்து மேலே உட்கார்ந்திருப்பாராம். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார், எல்லாம் எனக்கும் கேட்டது.

"அஷ்லினு போன எடுத்துட்டு வரச் சொல்றாக," என்றாள் அத்தை. "பூட்டி மடியில வச்சுக் குனிஞ்சு பாக்கணுமாம். எங்கிட்டுக் குனிஞ்சா அமுங்குதுன்னு தெரிஞ்சாத்தான் மணிகண்டனுக்குச் சொல்லித் தர முடியுமாம். இனிமே எல்லாக் கிணத்துலயும் இந்தப் பெட்டிதான வருது, இன்னொருத்தனுக்கு இப்படி ஆகக் கூடாதுங்காக. கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு. சொன்னாக் கேக்க மாட்டேங்காக."

"வரட்டும், வரட்டும்," என்றார் அப்பா.

அவர் குனிந்து பார்ப்பார். அமுங்காது. நான் இப்போதே ஐம்பது தடவை செய்து பார்த்துவிட்டேன். போனைப் பூட்டி, இடுப்பில் பாவாடைக்குள் செருகி, குனிந்து, உட்கார்ந்து, தரையில் படுத்து அழுத்திக்கூடப் பார்த்தேன். வேர்க்கும் வரைக்கும் மாடிப்படியில் ஏறி இறங்கிவிட்டு மறுபடியும் பார்த்தேன். ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. அவர் இந்தப் பக்கம் குனிவார், அந்தப் பக்கம் குனிவார். மணிகண்டன் சிரிப்பான். அவர் சிரிக்க மாட்டார். நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்.

அதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். அவர் மொபெட்டிலிருந்து இறங்கியதும் சொல்லிவிடலாம். என்ன சொல்வது என்றும் ஒத்திகை பார்த்துவிட்டேன். மாமா, நான் கம்ப்யூட்டரில் ஒன்றை இன்ஸ்டால் செய்தேன், ஓடு என்று நான் சொல்லவில்லை, போட்டதும் தானாக ஓடும் என்று எனக்குத் தெரியாது, ஜோயல் அண்ணன் அப்படி வைத்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது, உங்கள் வயிறு எதையும் அமுக்கவில்லை, நீங்கள் சரியாகத்தான் இருந்தீர்கள். இதுவரைக்கும் திக்காமல் சொல்ல வருகிறது. அவர் நம்புவார். ஒருவேளை மன்னித்தும் விடுவார். அப்பா என்னை அடித்தாலும் சரி.

அப்புறம் அவர் கேட்பார். கட்டாயம் கேட்பார். அன்னைக்கு என் வீட்டுல, கட்டில்ல உக்காந்து, அமுங்குமா தாயின்னு உங்கிட்டத்தான கேட்டேன், அமுங்கும்னு ஏந்தாயி சொன்ன?

அதுவும் தானாக வாயில் வந்துவிட்டது என்றா நான் சொல்வது?